ஐந்தாவது குணம்

‘பாத்திரத்தின் குணவியல்புகளை விளக்குக’ என்று கேள்வி வந்தால் நாங்கள் எத்தனை குறிப்பு எழுதுவோம், ஞாபகமிருக்கிறதா உங்களுக்கு? ஐந்து. நான்கு எழுதினால் சோம்பேறி, ஆறு எழுதினால் அலட்டல். வெள்ளவத்தையில் என்னோடு ஒரே வாங்கில் நெருக்கியடித்து இருந்து படித்த நீங்கள் எல்லோரும் இப்போது ஐம்பதைத் தாண்டி, பிறெஷர் குளிசையும் மூக்குக் கண்ணாடியுமாக ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறீர்கள். உங்களுக்கு அந்த ஐந்தும் மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. மறக்க முடியாதபடி நான் ஒரு வேலை பார்த்திருக்கிறேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். ‘அப்ப நீ சின்னப் பிள்ளைதானே’ என்று யாரும் நடுவில் ஆறுதல் சொல்ல வரவேண்டாம். அந்த ஆறுதலை நானே எனக்குப் பல வருடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், புடைவைக் கடையொன்றின் மேல்மாடியில் வகுப்பு. அஸ்பெஸ்டஸ் கூரை. மத்தியான வகுப்பென்றால் தலை வெந்துவிடும். யன்னல் கம்பிகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து, கை வைத்தால் வெள்ளைச் சட்டையெல்லாம் செம்மண் நிறத்தில் ஒட்டும். றோனியோ அடித்த நோட்ஸ் தாள்களை மூக்கோடு வைத்து மணந்து பார்ப்போம். அந்த மை மணம் இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை.

பக்கத்தில் ரயில் பாதை. ரயில் போகும்போது கரும்பலகை ஆடும். தமிழ் இலக்கியம் படிப்பித்த சேர் அந்த இரைச்சலுக்கு மேலாகக் கத்தமாட்டார். சோக்கட்டியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ரயில் போனதும், நிறுத்திய சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து தொடங்குவார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஊரில் இருக்க முடியாமல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஒரு லொட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். முழங்கைவரை மடித்த வெள்ளைச் சேட், கையில் ஒரு குடை, அவ்வளவுதான் ஆள். யாருடைய கையாலும் எதுவும் வாங்கிக் குடிக்கமாட்டார். வகுப்பு நடத்திய முதலாளி அனுப்பும் பால் தேத்தண்ணி ஒவ்வொரு நாளும் மேசையில் ஆடை கட்டி, ஆறி, அப்படியே திரும்பிப் போகும். அவருக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்று ஒரு கட்சி. பெரிய ஆசாரக்காரர் என்று இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை, எனக்கு அவர் செய்வதெல்லாம் சரி.

அவர் சொல்லித்தந்த முறை இதுதான். “பாத்திரம் என்ன சொல்லுது, என்ன செய்யுது, மற்ற ஆக்கள் அதைப் பற்றி என்ன சொல்லினம். இந்த மூண்டையும் பாருங்கோ. ஆனா மூண்டாவதைக் கடைசியாய்ப் பாருங்கோ. ஊர்வாய் எப்பவும் முன்னுக்கு ஓடி வந்து நிக்கும், கவனம்.” குணத்தை மட்டும் எழுதி விட்டுவிட்டால் கொப்பியில் சிவப்பு மையால் கேட்பார்: ‘ஆதாரம் எங்கே?’ என்னுடைய கொப்பியில் அந்தக் கேள்வி இல்லாத பக்கமே கிடையாது.

பாடத்தில் ஒரு படகோட்டியின் கதை வந்தது. வெள்ளம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தாய் அக்கரைக்கு விடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். படகோட்டி ஏலாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சேர் கதையைப் பாதியில் நிறுத்தி, குணவியல்பு எழுதச் சொன்னார். நாற்பது பேரும் ஒரே மாதிரி எழுதினோம்: கல்நெஞ்சக்காரன், மனிதாபிமானம் அற்றவன். பிறகு மிச்சத்தை வாசித்தார். படகின் அடியில் ஓட்டை. அதை வெளியே சொன்னால் நாளைக்கு ஒருவரும் ஏறமாட்டார்கள் என்று அவனுக்குப் பயம்.

“எழுதினதை வெட்டவோ சேர்?” என்று கேட்டேன்.

“வெட்டாதை. அப்பிடியே கிடக்கட்டும். கீழை மற்றதை எழுது,” என்றார்.

இனிச் சின்னம்மாவைச் சொல்ல வேண்டும். அம்மாவின் தங்கை. முப்பத்தொரு வயது. கோட்டையில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட். எங்கள் பிளாட்டில் எங்களோடுதான் இருந்தார். அப்பா கப்பலில் வேலை. வருடத்தில் ஒரு மாதம்தான் வீட்டில் அவருடைய இருமல் கேட்கும். ஆகவே வீடு என்பது அம்மா, சின்னம்மா, நான். காலையில் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டு, ஒரு கையில் பாண் துண்டும் மறு கையில் நூலகப் புத்தகமுமாகச் சின்னம்மா ஸ்டேஷனுக்கு ஓடுவார். சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்வார், முன்பல் ஒன்று கொஞ்சம் தூக்கல். அவருக்குச் சாதகத்தில் செவ்வாய். செவ்வாய்க்குச் செவ்வாய்தான் பொருந்தும் என்பார்கள். அப்படி ஒரு மாப்பிள்ளை கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? வந்த சம்பந்தம் எல்லாம் வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தது. தேடிக் களைத்துப்போன அம்மாவின் முகத்தில் எப்போதும் ஒரு எரிச்சல்.

அந்த நேரத்தில்தான் கலியாணத் தரகர் ஒரு குறிப்பைக் கொண்டு வந்தார். செவ்வாய் பொருந்துகிறது. ஊர் பொருந்துகிறது. படித்த மாப்பிள்ளை. “உங்கடை பிள்ளை படிக்கிற டியூசன் மாஸ்ரர்தான்,” என்றார்.

எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. சேர் எனக்குச் சித்தப்பா! எங்கள் வீட்டுக் கதிரையில் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை எங்களோடு சாப்பிடுவார். யாருக்கும் சொல்லக்கூடாது என்று அம்மா வாயில் விரல் வைத்துக் காட்டினார். உங்களில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை, அந்த மட்டில் கெட்டிக்காரி.

சின்னம்மாதான் பெரிதாக அசையவில்லை. முன்பு ஒரு மழை நாளில், நான் வகுப்பில் விட்டுவந்த புத்தகப் பையைக் கொண்டுவந்து கொடுக்கச் சேர் எங்கள் வாசல் வரை வந்திருந்தார். சின்னம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தார். “இல்லை, இப்பதான் குடிச்சனான்,” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு அவர் போய்விட்டார். அந்தத் தேத்தண்ணியை நான்தான் குடித்தேன். “உங்கடை சேருக்கு எங்கடை வீட்டுத் தேத்தண்ணி காணாதாக்கும்,” என்று சின்னம்மா அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சம்பந்தம் வந்தபோதும், “அக்கா, நீங்கள் பாத்துச் செய்யுங்கோ. எனக்கு உதிலை விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை,” என்றார்.

லண்டனிலிருந்த மாமாதான் முடிவு சொல்ல வேண்டும். அம்மாவுக்கு மூத்தவர், எங்கள் வீட்டில் கோர்ட்டும் அவர்தான், நீதவானும் அவர்தான். ‘சாதகம் சரி. குணம் எப்படி? நாலு இடத்தில் விசாரித்து எழுது’ என்று கடிதம் வந்தது. இந்தக் குணம் விசாரிக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். கடைக்காரரிடம் கேட்பார்கள், லொட்ஜ் மனேஜரிடம் கேட்பார்கள், கோயில் ஐயரிடம் கேட்பார்கள். மாமா இன்னொன்றும் எழுதியிருந்தார்: ‘பிள்ளை அவரிடம் படிக்கிறாள்தானே. பெரிய ஆட்கள் முகத்துக்காக நல்லது சொல்வார்கள். பிள்ளைகள் கண்டதைச் சொல்லும். அவளையே எழுதச் சொல்லு.’

பதினான்கு வயதுப் பெட்டையிடம் ஒரு மனிதரின் குணத்தை எழுதி வாங்கி, அதை வைத்து ஒரு கலியாணத்தை முடிவு செய்ய நினைத்த மாமாவை இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கடிதத்துக்கு ஒரு மாதம் முன்பு நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அப்பாவின் கப்பல் பத்திரமாகத் திரும்ப வேண்டுமென்று அம்மா அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டாஞ்சேனையில் இருக்கும் அவருடைய கோயிலுக்குப் போவோம். மெழுகுதிரி கொளுத்திவிட்டு, பஸ் ஏற ஒரு குறுக்கு ஒழுங்கையால் வருவோம். அதன் முனையில் ஒரு கருவாட்டுக் கடை. அம்மா உள்ளே போய்க் கடைக்காரரோடு சிங்களத்தில் பேரம் பேசத் தொடங்கினால் இப்போதைக்கு வெளியே வரமாட்டார். கருவாட்டு மணம் தாங்காமல் நான் வெளியே நிற்பேன்.

அப்படி நின்றபோதுதான் சேரைக் கண்டேன். செவ்வாய்க்கிழமை அவருக்கு வகுப்பில்லை. ஒழுங்கைக்குள், வரிசையாக இருந்த அறைகளில் ஒன்றின் முன்னால் குடையை மடக்கினார். ஐந்து வயதிருக்கும் ஒரு சிறுமி உள்ளேயிருந்து ஓடிவந்து அவருடைய காலைக் கட்டிக்கொண்டாள். அவர் படியில் அமர்ந்து, பிறவுண் தாளை மடித்து, அவளுடைய கொப்பிகளுக்கு உறை போட்டார். ஒவ்வொரு மூலையையும் நகத்தால் அழுத்தி அழுத்தி மடித்தார். ஒரு பெண் கண்ணாடிக் கிளாசில் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்தார். சேர் அதை வாங்கினார். குடித்தார். கிளாசைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மூன்று செவ்வாய் இப்படிக் கண்டேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரிந்த சேர் ஒருவர் இருக்கிறார் என்ற சந்தோசம். அதைப் பங்குபோட மனம் வரவில்லை.

ஆகவே ஒரு ஞாயிறு பின்னேரம், வெளிநாட்டுக்கு எழுதும் நீல நிற ஏரோகிராம் தாளில் அம்மா தன் பங்கை எழுதி முடித்து மிச்ச இடத்தை என்னிடம் தந்தபோது, நான் கை கழுவிக்கொண்டு வந்து அமர்ந்தேன். பரீட்சைக்கு எழுதுவது போலவே எழுதினேன். நேரம் தவறாதவர், கோபம் கொள்ளாதவர், பரந்த வாசிப்புள்ளவர், எளிமையானவர் என்று நான்கு குணமும் நான்கு ஆதாரமும். எளிமைக்கு ஆதாரம், இரண்டு தரம் தைத்த அவருடைய செருப்பு. ஐந்தாவதைத்தான் பொறுக்கி எடுத்துக் கடைசிக்கு வைத்திருந்தேன். நல்ல குணத்தைக் கடைசியில் எழுதினால் திருத்துகிறவர் மனதில் நிற்கும் என்று அவரே சொல்லித் தந்திருந்தார். அதை இன்னும் சொல்லுக்குச் சொல் சொல்வேன்:

‘ஐந்தாவதாக, ஏழை எளியவர்களை வேறுபாடின்றி நேசிப்பவர். ஆதாரம்: செவ்வாய்க்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்ணும் சிறுமியும் வசிக்கும் அறைக்குப் போய்வருகிறார். சிறுமி ஓடிவந்து அவருடைய காலைக் கட்டிக்கொள்வாள். அவளுடைய கொப்பிகளுக்கு உறை போட்டுக் கொடுப்பார். எவர் வீட்டிலும் எதுவும் அருந்தாத சேர், அந்தப் பெண் கொடுக்கும் தேநீரை மறுக்காமல் அருந்துவார். இதை நான் மூன்று தடவை நேரில் கண்டேன்.’

நீங்கள் சிரிக்கலாம், அல்லது தலையில் கை வைக்கலாம். பெரியவர் எவர் வாசித்தாலும் என்ன விளங்குமோ அதுதான் உங்களுக்கும் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. அம்மா வாசித்திருந்தால் நிறுத்தியிருப்பார். அடுப்பில் பிட்டு. ஆவி பறக்க வந்து, மேலே இரண்டு குணத்தைப் பார்த்துவிட்டு, “கையெழுத்து நல்ல வடிவாயிருக்கு,” என்று சொல்லி மடித்து வைத்துவிட்டார். வெறும் ‘இரக்கமுள்ளவர்’ என்று எழுதி முற்றுப்புள்ளி போட்டிருந்தால் அந்தக் கலியாணம் நடந்திருக்கும். ஆதாரம் கேட்டுக் கேட்டு என்னைப் பழக்கியவர் சேர்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அம்மா நின்றபடியே வாசித்தார். பிறகு கதிரையில் அமர்ந்து இன்னொரு தரம் வாசித்தார்.

“உதென்ன கொட்டாஞ்சேனை? உதை ஏன் எனக்கு முதல் சொல்லேல்லை நீ?”

“கடிதத்திலை எழுதினனான்தானே அம்மா.”

அம்மா அந்தத் தாளை என் பக்கம் நீட்டினார். மாமாவின் எழுத்து எப்போதும் சாய்ந்துதான் இருக்கும். ‘பிள்ளை எழுதிய ஐந்தாம் குறிப்பைப் பல தடவை வாசித்தேன். பிள்ளைக்கு விளங்காதது எனக்கு விளங்குகிறது. ஏற்கெனவே ஒரு குடும்பம் வைத்திருக்கும் மனிதருக்கு நம் பெண்ணைக் கொடுக்க முடியாது. தரகரிடம் பொருத்தம் சரியில்லை என்று மட்டும் சொல். இந்தப் பேச்சு இத்துடன் நிற்கட்டும்.’

“ஐயோ அம்மா, அப்பிடி இல்லை. நான் அவர் நல்லவர் எண்டுதானே எழுதினனான்,” என்று கத்தினேன்.

“வாயை மூடு. ஒரு வீட்டிலையும் தண்ணி வாய் வைக்காத மனிசன் அங்கை மட்டும் குடிக்குது எண்டால் என்ன அர்த்தம்? உனக்கு விளங்காது.”

சின்னம்மா கந்தோரால் வந்ததும் அம்மா, “அது சரிவரேல்லை,” என்றார். சின்னம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே, “சரி,” என்றார். என்ன ஏது என்று கேட்கவில்லை. பிறகு குளியலறைக்குள் போய்விட்டார். வாளி நிரம்பி வழிகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. அம்மா தண்ணீரை நிறுத்தச் சொல்லிக் கூப்பிடவில்லை.

அம்மாவுக்கும் மனம் ஆறவில்லை போலும். அடுத்த செவ்வாய் கருவாட்டுக் கடைக்குப் போகாமல், “அந்த இடத்தைக் காட்டு,” என்றார். காட்டினேன். சேர் இல்லை. அந்தப் பெண் வாசலில் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார்.

“யாருங்கம்மா வேணும்?”

அந்தப் பேச்சைக் கேட்டதுமே மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பெண் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. வாடகைக்கு அறை தேடுகிறோம் என்று அம்மா ஒரு பொய் சொன்னார்.

“வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வாங்கம்மா. பாப்பா, அந்தப் பாயை விரி.”

உள்ளே ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. சுவரில் மாலை போட்ட படம். அதில் சேர் மீசையோடு இருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். பிறகுதான் அது வேறு ஆள் என்று தெரிந்தது. அதே நெற்றி, அதே காது.

“உவர்?” என்று அம்மா கேட்டார்.

“எங்க வீட்டுக்காரருங்க. ஹாபர்ல வேலை செஞ்சாரு. சாமான் தூக்குற சங்கிலி அறுந்து விழுந்திருச்சு. மூணு வருஷமாச்சும்மா. ஒங்க பக்கந்தான், யாழ்ப்பாணம். நான் தோட்டத்துப் பொண்ணு இல்லீங்களா, அவரு வீட்டுல எங்கள சேத்துக்கல. செத்ததுக்குக்கூட யாரும் வரல. தம்பி மட்டுந்தான் வந்து போறாரு. வெள்ளவத்தையில வாத்தியாரா இருக்காரு. புள்ளைக்கு அவருன்னா உசுரு.”

அந்தப் பெண் அடுப்பில் தண்ணீர் வைத்தபடி, தெரிந்தவர்களிடம் சொல்வது போலச் சொன்னார்: “அவருக்கு எங்கேயோ கல்யாணம் பேசுறாங்களாம்மா. எங்களால அது கெட்டுறக்கூடாது. இங்க வராதீங்க தம்பின்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல. நல்லபடியா நடக்கணும்னு அந்தோனியாருக்கு நேந்திருக்கேன்.”

இரண்டு கிளாசில் பிளேன்ரீ வந்தது. ஆவி பறந்தது, இஞ்சி மணத்தது.

“இல்லை, இப்பதான் குடிச்சனாங்கள்,” என்றார் அம்மா.

நானும் குடிக்கவில்லை. அம்மா என்னைப் பார்க்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நானாகத்தான் கிளாசைத் தொடாமல் இருந்தேன். ஏழை எளியவர்களை வேறுபாடின்றி நேசிப்பதைப் பற்றி அவ்வளவு வடிவாக எழுதியவள்தான். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் சொல்லிப் பிரயோசனமில்லை.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்த அம்மாவிடம் சொன்னேன். “மாமாவுக்கு எழுதுங்கோ. முந்தி எழுதினது பிழை எண்டு எழுதுங்கோ. அது அவற்றை அண்ணி எண்டு எழுதுங்கோ.”

“எழுதினால்?”

“கலியாணம் நடக்கும்தானே.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “வச்சிருக்கிறார் எண்டாலும் ஒருநாள் விட்டிடுவார் எண்டு கதைக்கலாம். இது சொந்தம் பிள்ளை. தோட்டத்துச் சனத்தோடை சொந்தம் எண்டால் உன்ரை மாமா ஓம் எண்டுவாரோ? ஊர் ஓம் எண்டுமோ?” பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்ல மனிசன்,” என்றார். “சின்னம்மாவுக்கு உதொண்டும் சொல்லாதை. அறிஞ்சால் இன்னும் நோகும்.”

அவ்வளவுதான். மாமாவுக்கு எழுதவேயில்லை. அம்மா கெட்டவரில்லை. ஆனால் உண்மை தெரிந்த பிறகும் வாய் திறக்காமல் இருந்தார். நம்மவர்களிடம் இருந்த இந்த ஊத்தையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். இப்போது இல்லை என்று தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும்போது நீங்கள் எதையெல்லாம் விசாரிக்கிறீர்கள் என்பது என் காதிலும் விழுகிறது.

வகுப்பில் சேர் என்னிடம் எந்த மாற்றமும் காட்டவில்லை. கேள்வி கேட்டார், கொப்பி திருத்தினார், ரயில் வந்தால் கண்ணை மூடினார். ஏன் அந்தப் பேச்சு நின்றதென்று அவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தவணைப் பரீட்சைக்கு ஒரு தாயின் பாத்திரத்தைப் பற்றி எழுதினேன். அடியில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: ‘ஆதாரம் நன்று.’ வருடம் முழுக்க அந்த ஒரு வரிக்காகத் தவம் கிடந்தவள் நான். கொப்பியை மூடிப் பைக்குள் திணித்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் அழுதேன். உண்மையைச் சொல்ல எத்தனையோ தரம் படியில் காத்து நின்றேன். அவர் குடையோடு இறங்கி வந்ததும், “குட் ஆப்டர்நூன் சேர்” என்பதுதான் வாயில் வந்தது.

அடுத்த வருடம் அவர் வரவில்லை. மலைநாட்டில் எங்கோ தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். அந்தப் பெண்ணும் பிள்ளையும் இருந்த அறையிலும் வேறு ஆட்கள். ‘ஆரோ ஒரு பொம்பிளையோடை ஓடிட்டார்’ என்று வகுப்பில் கதை அடிபட்டது. அந்தக் கதையைக் கைமாற்றியவர்களில் சிலர் இதை வாசிக்கிறீர்கள். நான் அன்றைக்கு உங்களை மறுத்துப் பேசவில்லை. உங்களைவிட எனக்குத்தான் அது பெரிய குற்றம்.

மாமா போய்விட்டார். அம்மாவும் போய்விட்டார். சின்னம்மா என்னோடுதான் இருக்கிறார், அதே வெள்ளவத்தையில், லிப்ட் வேலை செய்யாத ஒரு நாலாம் மாடியில். எழுபது வயது. கலியாணம் செய்யவில்லை. போன வருடம் கண்ணில் சத்திரசிகிச்சை செய்தபோது ஒரு மாதம் வாசிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். புத்தகமில்லாமல் அவருக்கு உயிர் போகும். ஆகவே பின்னேரங்களில் நான் வாசித்துக் காட்டினேன். ஒரு கதையில் ஒரு பெண் தனக்கு வந்த நல்ல மாப்பிள்ளையை ஒரு காரணமும் சொல்லாமல் வேண்டாம் என்கிறாள். எனக்கு எரிச்சல் வந்தது.

“ஆதாரம் இல்லாமல் எழுதியிருக்கிறான். ஏன் வேண்டாம் எண்டவள் எண்டு ஒரு வரி சொல்ல வேண்டாமோ? என்ன பாத்திரம் உது?”

“காரணம் இருக்கும். உனக்குச் சொல்லேல்லை, அவ்வளவுதான்,” என்றார் சின்னம்மா, கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு.

அந்தக் கறுப்புக் கண்ணாடிதான் எனக்குத் துணிவு தந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. புத்தகத்தை மூடிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கருவாட்டுக் கடை, ஐந்தாவது குணம், மாமாவின் பதில், சுவரிலிருந்த படம், எல்லாம். “நான்தான் சின்னம்மா உங்கடை வாழ்க்கையைக் குழப்பினது,” என்றேன்.

“கடிதம் எழுதினது எனக்குத் தெரியும்,” என்றார் சின்னம்மா.

“என்னெண்டு?”

“நான்தானே கொண்டுபோய்ப் போட்டனான். அந்த ஏரோகிராமில பசை காய்ஞ்சு போச்சு, ஒட்டுதில்லை எண்டு கொம்மா என்னட்டைத் தந்துவிட்டவ, கோட்டைத் தபாற்கந்தோரில ஒட்டிப் போடச் சொல்லி. என்னைப் பற்றின கடிதம், திறந்து கிடக்கு, வாசிக்காமல் இருப்பனோ? ரயிலிலை நிண்டுகொண்டு வாசிச்சன்.”

“வாசிச்சிட்டு ஏன் போட்டனீங்கள்? கிழிச்சிருக்கலாமே! மாமா என்ன நினைப்பார் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? நான் சின்னப் பிள்ளை, நீங்கள் வளந்த ஆள்.”

“அதை வாசிச்சாப் பிறகுதான் எனக்கு அவரைப் பிடிச்சது,” என்றார் சின்னம்மா. “அதுக்கு முன்னம் அவர் எனக்கு ஒரு சாதகக் குறிப்பு. அந்தப் பிள்ளை ஆரெண்டு எனக்குத் தெரியாது. ஆராயிருந்தாலும் சரி எண்டு நினைச்சன். படியிலை குந்தியிருந்து கொப்பிக்கு உறை போடுற மனிசனைப் பிழையானவர் எண்டு ஆர் நினைப்பினம்? அண்ணாவும் என்னைப்போலைதான் வாசிப்பார் எண்டு நம்பித்தான் ஒட்டிப் போட்டனான்.”

நான் ஒரு சம்பந்தத்தைக் குழப்பியதாக மட்டும்தான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஒன்று குழம்பினால் இன்னொன்று வரும். வந்தது. அதற்குப் பிறகு செவ்வாய் பொருந்தி மூன்று சம்பந்தம் வந்தது. மூன்றையும் சின்னம்மா ஒரு காரணமும் சொல்லாமல் வேண்டாம் என்றார். மூன்றாவது முறை அம்மா சாப்பிடாமல் கிடந்து பார்த்தார். மாமா லண்டனிலிருந்து தொலைபேசியில் ஏசினார். ராங்கி பிடித்தவள் என்று சொந்தக்காரர் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்போது பதினெட்டு வயது, கொஞ்சம் விபரம் தெரிந்த வயது. நானும் அதைத்தான் சொன்னேன், அவருடைய முகத்துக்கு நேரே.